662 ஏன் கோடாக நிற்காமல் குன்றாகப் பரவுகிறது?

"சீசியம்-137 தரும் காமா கதிரின் ஆற்றல் எப்போதும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தானே, வரைபடத்தில் மட்டும் ஏன் குன்று போல அகன்று கிடக்கிறது?" என்று இயற்பியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார். கருவியில் பிறக்கும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை தற்செயலாகக் கூடிக் குறைவதே காரணம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அது பாதிதான் சரி. மிச்சப் பாதியில்தான் எனக்கு உயிர்.

கருவியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். தாலியம் சிறிதளவு கலந்த சோடியம் அயோடைடு படிகம், 1948இல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாடர் கொண்டுவந்தது. உள்ளே நுழையும் காமா கதிர் எலக்ட்ரான்களைத் தட்டிவிடும். அவை ஓடும் வழியில் இறைக்கும் ஆற்றலைத் தாலியம் பிடித்து நீல ஒளியாக விடும். போட்டோமல்டிப்ளையர் குழாய் அதை மின்துடிப்பாக்கும். துடிப்பின் உயரத்தை வைத்து ஆற்றலைக் கணிக்கிறோம். எந்த ஆற்றலில் எத்தனை துடிப்புகள் என்று குறித்தால் அதுதான் வாசகி சொன்ன வரைபடம்; அதிலுள்ள குன்றுதான் முகடு.

இனி கணக்கு. 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சுமார் 25,000 போட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், பிறக்கும். குழாயின் முகப்பில் நாலில் ஒன்றுதான் எலக்ட்ரானாகும் என்றால் கையில் நிற்பது 6,000 சொச்சம். அதன் வர்க்கமூலம் 77, அதாவது 1.3% அளவு தடுமாற்றம்; பாதி உயர அகலம் அதைப்போல 2.35 மடங்கு. இந்தத் தற்செயல் ஏற்ற இறக்கத்தால், பாதி உயரத்தில் அளந்தால் முகட்டின் அகலம் 3% வர வேண்டும். ஆனால் நல்ல படிகத்திலேயே 6.5 முதல் 7% வரை வருகிறது. குழாயின் பெருக்கமும் கொஞ்சம் சேர்க்கும்தான், ஆனால் இவ்வளவு அல்ல.

குற்றவாளி படிகமேதான். ஆற்றல் இரட்டித்தால் ஒளியும் சரியாக இரட்டிக்கும் என்று நம்புகிறோம். சோடியம் அயோடைடு அப்படி நடப்பதில்லை. வேகமான எலக்ட்ரான் போகும் தடத்தில் மின்னூட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழும். எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் பிரிந்து, தாலியத்தை எட்டாமலேயே வழிதவறிவிடும். மெதுவான எலக்ட்ரானின் தடம் நெருக்கமானது. இணை சேர்வது எளிது. மிக நெருக்கமானால் ஒன்றின் ஒளியை இன்னொன்று அவித்தும் விடும். இடைப்பட்ட நிலையில், 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலுள்ள எலக்ட்ரான், தன் ஆற்றலுக்கு ஏற்றதைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் ஒளி தருகிறது.

இப்போது இரண்டு காமா கதிர்களைப் பின்தொடருங்கள். முதலாவது அயோடின் அணுவிடம் ஒரே மூச்சில் சரணடைகிறது: 629 ஒரு எலக்ட்ரானுக்கு, மீதி 33 எக்ஸ் கதிரும் சில்லறையும். இரண்டாவது, எலக்ட்ரானில் மோதி ஆற்றலில் ஒரு பங்கை மட்டும் இழந்து திசைமாறும் காம்ப்டன் சிதறலில் 300, பிறகு 162, கடைசியில் 200 என்று தவணை கட்டுகிறது. கூட்டினால் இரண்டும் 662. ஆனால் சிறு தொகைகளாகப் பிரிந்த ஆற்றல் வேறு அளவு ஒளி தரும். எலக்ட்ரானின் தடத்திலிருந்து கிளைக்கும் சிறு எலக்ட்ரான்களும் ஒவ்வொரு முறையும் வேறு. கதிர் எந்த வழியில் செத்தது என்பது வரைபடத்தில் பதிந்துவிடுகிறது! முதன்முதலில் இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

2001இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் அறிவித்த, சீரியம் கலந்த லாந்தனம் புரோமைடு இந்தக் கோணலைப் பெருமளவு நேராக்கியது. ஒளியும் அதிகம்: அதே கதிருக்குச் சுமார் 41,000 போட்டான்கள். அகலம் 3 சதவீதத்துக்குள் வந்துவிடும், ஏறக்குறைய தற்செயலின் எல்லையிலேயே. ஒளி தணியும் நேரமும் 230 நானோ நொடியிலிருந்து 16ஆகக் குறைந்தது. பெரிய கருவிகளுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள், இப்படி வருடக்கணக்கில் உலையருகே அமர்ந்து படிகம் வளர்ப்பவர்களையும் கவனிக்க வேண்டும் என்று உரக்கவே சொல்வேன்.

கதிர்மூலம் எதையும் பக்கத்தில் வைக்காமல் இந்தப் படிகத்தை இயக்கினாலும், 1436 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி ஒரு முகடு மெல்ல எழும். அது படிகத்தில் இயல்பாகவே இருக்கும், தானே கதிர்வீசும் லாந்தனம்-138. பலர் அதை வைத்தே அளவுகோலைச் சரிபார்க்கிறார்கள்.