ஸ்டேடியம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றது கண்ணும் காலும்தான்

புதுசா ஒரு ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டப்போறாங்கன்னு படம் வெளியானா எல்லாரும் கூரையைப் பாத்து, ராத்திரி லைட்டப் பாத்து சூப்பர்னு கமெண்ட் போடுவோம், ஆனா உள்ள சீட்டெல்லாம் எந்த உயரத்துல எவ்ளோ சரிவுல வரணும்ங்கிறது பெரும்பாலும் ஆர்க்கிடெக்ட் இஷ்டத்துல இல்ல. உக்காந்திருக்கவனுக்கு பந்து தெரியணும், மேட்ச் முடிஞ்சதும் அவன் உயிரோட வெளிய போகணும், இந்த ரெண்டு கணக்குதான் முக்காவாசிய முடிவு பண்ணிடுது.

முதல்ல கண்ணு. தியேட்டர்ல முன்னாடி ஒருத்தர் தலை மறைச்சா கொஞ்சம் சாஞ்சு உக்காந்துக்கலாம், ஸ்டேடியத்துல எல்லாரும் சாய ஆரம்பிச்சா விளங்கிடும். அதனால ஒவ்வொரு வரிசைக்கும் சி வேல்யூன்னு ஒண்ணு கணக்கு பண்றாங்க. பின்னாடி வரிசைல இருக்கறவர் கண்ணுலேர்ந்து மைதானத்தோட ஓரக்கோட்டுக்கு (டச்லைன்னு சொல்வாங்கல்ல, அதுக்கு) ஒரு நேர்கோடு போடுங்க, அந்தக் கோடு முன்வரிசைக்காரர் கண்ணுக்கு மேல எத்தன சென்டிமீட்டர் தள்ளிப் போகுதுங்கிறதுதான் சி வேல்யூ. 6 சென்டிமீட்டர் இருந்தா ஏதோ சமாளிக்கலாம், 9 நல்லது, 12 இருந்தா முன்னாடி தொப்பி போட்டவர் இருந்தாலும் கவலை இல்ல.

இதுல மேட்டர் என்னன்னா ஒரே சரிவா மேல கொண்டுபோனா வேலைக்கு ஆகாது. ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். வரிசைக்கு வரிசை இடைவெளி 80 சென்டிமீட்டர், முதல் வரிசைக்காரர் கண்ணு டச்லைன்லேர்ந்து 10 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் உயரத்துல இருக்குன்னு வச்சுக்குவோம், சி வேல்யூ 9 வேணும். அப்போ ரெண்டாவது வரிசை ஏறக்குறைய 26 சென்டிமீட்டர் உயரணும். அப்படியே 25 வரிசை மேல போங்க, அங்க ஒரு படி 35 சென்டிமீட்டர் ஆயிடும். அதாவது 18 டிகிரில ஆரம்பிச்ச சரிவு 24 டிகிரிக்கு வந்துடுச்சு, இன்னும் மேல போனா இன்னும் செங்குத்தாகும். பக்கவாட்டுலேர்ந்து பாத்தா ஸ்டாண்டு மேல போகப்போக வளைஞ்சு நிக்கிற மாதிரி இருக்கே, அது அழகுக்கு இல்ல, இந்தக் கணக்குதான்.

சரி 9 வேணாம் 6 போதும்னு ஓனர் சொன்னா? மூணு சென்டிமீட்டர்தானேன்னு தோணும், ஆனா அதே 25-ஆவது வரிசை சுமார் ஒண்ணேகால் மீட்டர் கீழ இறங்கிடும், மேல இருக்குற வரிசைங்க, கூரை எல்லாமே கூடவே இறங்கும், இரும்பும் காங்கிரீட்டும் அந்தளவுக்கு மிச்சம். பட்ஜெட் இடிக்கும்போது மொதல்ல கை வைக்கிறது இங்கதான், பின்னாடி அம்பது வருஷத்துக்கு அவஸ்தைப்படுறது டிக்கெட் வாங்குறவன்.

ஓட்டப்பந்தய டிராக் இருக்குற ஸ்டேடியத்துல ஃபுட்பால் பாக்குறது ஏன் சப்புன்னு இருக்குன்னும் இதுலயே புரியும். டிராக் நடுவுல வந்தா முதல் வரிசையே தூரமாப் போயிடும், நம்ம சென்னை நேரு ஸ்டேடியத்துல பாத்தவங்களுக்குத் தெரியும். லண்டன்ல 2012 ஒலிம்பிக் ஸ்டேடியத்த வெஸ்ட் ஹாம் கிளப்புக்குக் குடுத்தப்ப டிராக் மேல நகர்ற சீட்டெல்லாம் போட்டாங்க, அப்படியும் மைதானம் எங்கயோ இருக்குன்னு ரசிகருங்க இன்னும் திட்டிட்டுதான் இருக்காங்க.

இப்ப காலு. 1971-ல கிளாஸ்கோ ஐப்ராக்ஸ் ஸ்டேடியத்துல மேட்ச் முடிஞ்சு இறங்குற படிக்கட்டுல நெரிசல் ஆகி 66 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் 1973-ல பிரிட்டிஷ் அரசாங்கம் க்ரீன் கைடுன்னு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி கொண்டுவந்துச்சு. அதுல கூட்டத்த தண்ணி ஓட்டம் மாதிரி அளக்குறாங்க: ஒரு மீட்டர் அகல சமதளப் பாதைல நிமிஷத்துக்கு 82 பேர், படிக்கட்டுன்னா 66 பேர். சாதாரணமா எல்லாரும் 8 நிமிஷத்துக்குள்ள நெரிசல் இல்லாம நடந்து போற வழிக்கு வந்துடணும். 53 ஆயிரம் பேர் உக்கார்ற ஸ்டேடியம்னா? படிக்கட்டு வழியா ஒரு மீட்டருக்கு 8 நிமிஷத்துல 528 பேர், ஆக மொத்தம் 100 மீட்டர் அகலத்துக்குப் படிக்கட்டு வேணும், அதையும் எல்லா பக்கமும் பிரிச்சு வைக்கணும். இந்த வழி எல்லாம் சீட்டுக்கு நடுவுலதான் வரும், அதனால ஒவ்வொரு வாசலும் கொஞ்சம் சீட்டத் தின்னும். தீப்பிடிக்கிற ஆபத்து அதிகமா இருந்தா 8 நிமிஷம் எல்லாம் கெடையாது, ரெண்டரை நிமிஷம்தான். 1985-ல பிராட்ஃபோர்ட்ல மரத்தால கட்டின பழைய ஸ்டாண்டு நாலு நிமிஷத்துக்குள்ள முழுசா எரிஞ்சு 56 பேர் போனாங்க, பின்பக்கக் கதவுங்க நிறைய பூட்டியிருந்துச்சு.

இந்தக் கணக்கெல்லாம் பேப்பர்ல சுலபம், நகரத்துக்குள்ள இடம் கெடைக்கணுமே. லிவர்பூல்ல எவர்டன் கிளப் 1892-லேர்ந்து குடிசன் பார்க்ல ஆடிட்டு இருந்துச்சு, சுத்தி வீடுங்க, ஒரு மூலைல சர்ச், உள்ள தூணுங்க நிறைய பேருக்கு மைதானத்த மறைக்கும். கிங்ஸ் டாக்ல கட்டலாம்னு போட்ட திட்டம் 2003-ல பணம் இல்லாம போச்சு, கிர்க்பில கட்டலாம்னா 2009-ல அரசாங்கமே வேணாம்னுடுச்சு. கடைசில ஆத்தோரமா இருந்த பிராம்லி மூர் டாக், 1848-ல தொறந்த பழைய கப்பல்துறை. அதுல தண்ணி நிக்குது! மொதல்ல மீனையெல்லாம் புடிச்சு வேற இடத்துல விட்டாங்க, அப்புறம் ஐரிஷ் கடல் அடியிலேர்ந்து நாலரை லட்சம் கன மீட்டருக்கு மேல மணல கப்பல்ல அள்ளிட்டு வந்து உள்ள பம்ப் பண்ணி ரொப்பினாங்க. பழைய கல்லுச் சுவர இடிக்காம அப்படியே உள்ள விட்டுட்டாங்க. இதுக்கு 2021 பிப்ரவரில அனுமதி குடுத்தாங்க, ஆனா அதே வருஷம் ஜூலைல யுனெஸ்கோ லிவர்பூல உலக பாரம்பரியப் பட்டியல்லேர்ந்து தூக்கிடுச்சு, சொன்ன காரணங்கள்ல இந்த ஸ்டேடியமும் ஒண்ணு. எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் படுது.

இந்தப் புது ஸ்டேடியத்துல மைதானம் வடக்கு தெற்கா போட்டிருக்காங்க, சாயங்கால வெயில் கோல்கீப்பர் கண்ணுல நேரா அடிக்கக்கூடாதுன்னு பெரும்பாலான ஸ்டேடியத்துல இப்படித்தான். கோலுக்குப் பின்னாடி தெற்கு ஸ்டாண்டு மட்டும் ஒரே அடுக்கா சுமார் 13 ஆயிரம் பேர், சரிவு கிட்டத்தட்ட 35 டிகிரி, விதிமுறைல அதுக்கு மேல போக விடமாட்டாங்க. செங்குத்தா இருந்தா ஆளுங்க மைதானத்துக்குக் கிட்ட வருவாங்க, சத்தமும் கூரைல பட்டு கீழயே திரும்பும். ஆனா எல்லாரும் ஒரே தாளத்துல குதிச்சா நொடிக்கு ரெண்டு தடவைக்குப் பக்கமா அதிர்வு வரும், ஸ்டாண்டோட இயல்பான அதிர்வும் அதுக்குக் கிட்ட இருந்தா ஆட்டம் பெருசாயிட்டே போகும், அதனால அந்த எண்ணுலேர்ந்து நல்லாவே தள்ளி இருக்குற மாதிரி ஸ்டாண்ட தாங்குற உத்தரத்த கெட்டியா போடுறாங்க.

2025-ல தொறந்தாச்சு. 8 நிமிஷத்துல வெளிய வந்த 53 ஆயிரம் பேரும் அப்புறம் எங்க போவாங்கன்னா, கிட்ட இருக்குறது சாண்ட்ஹில்ஸ்ங்கிற சின்ன ரயில்வே ஸ்டேஷன், அங்க ரயில் ஏத்துற வேகத்துக்குத்தான் கூட்டம் கரையும், அதனால ஸ்டேஷன் வாசல்ல க்யூ நிக்கிறதுக்குன்னே தனியா ஒரு இடம் அடைச்சு வச்சிருக்காங்க.