பிளாக்: பல்லில் படர்வதன் பெயர் பற்படலம்

பல் மருத்துவர் "பிளாக் (plaque) நிறைய சேர்ந்திருக்கு" என்றால், கேட்பவர் காதில் அது பலவிதமாக விழுகிறது. ஒருவர் அடைப்பு (block) என்று நினைப்பார், இன்னொருவர் கருப்புக் (black) கறை என்று எடுத்துக்கொள்வார். இதய ரத்தக்குழாயில் படியும் கொழுப்புக்கும் இதே பெயர் இருப்பதால், பல்லில் இருப்பதே இதயத்துக்குப் போய் அடைத்துக்கொள்ளும் என்று பயப்படுபவர்களும் உண்டு. தமிழில் எழுதும்போது இத்தனையும் ஒரே மூன்றெழுத்தாகிவிடுகிறது.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. தகடு, பலகை என்பதே பழைய பொருள். சுவரில் பதிக்கும் பெயர்ப்பலகைக்கும் இதே சொல்தான். பல்லின் மேல் ஒட்டும் நுண்ணுயிர்ப் பூச்சை 1898-இல் இப்படிக் குறிப்பிட்டவர் அமெரிக்கப் பல் மருத்துவர் ஜி. வி. பிளாக் (Black). இவர் பெயருக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பில்லை.

ஆனால் தகடு உயிரற்றது. பல்லில் இருப்பதோ உயிருள்ளது. அதனால்தான் பற்படலம் என்ற தமிழ்ச் சொல் மூலத்தைவிடப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. புகைப்படலம் என்கிறோம், கண்ணில் படலம் படர்ந்திருக்கிறது என்கிறோம். மெல்லியதாக இருப்பது, பரவுவது, மூடுவது எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தப் படலத்தை நுண்ணோக்கியில் முதலில் பார்த்து எழுதியவர் டச்சுத் துணி வணிகர் லேவன்ஹூக். தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய வெள்ளை மாவில் குட்டி உயிர்கள் துள்ளித் திரிவதை 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்தார். மேலே இருந்த உயிர்கள் மட்டுமே செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. இன்றைக்கும் அதே கதைதான். பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பிசினுக்குள் கூட்டமாக ஒளிந்திருப்பதால், வாய் கொப்பளிக்கும் மருந்து உள்ளே அவ்வளவாக இறங்காது. தேய்த்துத்தான் கலைக்க வேண்டும்.

பற்காரை என்பது வேறு. எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படலத்தில் படிந்து, சுண்ணாம்புக் காரை போல இறுகிவிட்டால் அது காரை. படலம் பிரஷ்ஷுக்குப் போகும், காரை போகாது. அதைப் பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். இரண்டையும் 'அழுக்கு' என்று ஒரே சொல்லால் சொன்னால் இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும்.

சரி, படலத்தை விட்டுவைத்தால் என்ன ஆகும்? 1965-இல் டென்மார்க்கில் ஹரால்டு லோ என்பவரும் அவர் குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி (ஈறு சிவந்து வீங்குவது) வந்தது, மறுபடி துலக்கத் தொடங்கியதும் சரியாகிவிட்டது. ஈறு அழற்சி வரைக்கும் திரும்பி வர வழியிருக்கிறது. படலம் ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டால், காற்று இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகும். போர்பிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் அதில் பேர்போனது. கசியும் ரத்தத்திலுள்ள இரும்புச் சத்தே அதற்குத் தீனி. அவற்றை எதிர்க்கும் உடலின் அழற்சியே பல்லைத் தாங்கும் எலும்பையும் கரைக்கிறது. இதுதான் பல்சூழ் திசு அழற்சி. போன எலும்பு தானாக வளராது.

உடம்பின் மற்ற இடங்களுக்கு வருவோம். ஈறு புண்ணாக இருந்தால், மெல்லும்போதுகூட பாக்டீரியா ரத்தத்தில் கலக்கலாம். பெரும்பாலும் உடல் அதைச் சமாளித்துவிடும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கு அது வால்வில் தொற்றாக மாறும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோய் ஈறு நோயை மோசமாக்கும், ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுப்படுத்த விடாது. மாரடைப்போடும் தொடர்பு காணப்படுகிறது. ஆனால் ஈறு நோய்தான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ரத்தக்குழாயில் இருப்பதைக் கொழுப்புப் படிவு என்றும் பல்லில் இருப்பதைப் பற்படலம் என்றும் தனித்தனியாகச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

அப்புறம், முற்றிய ஈறு நோய்க்குப் பெரியவர்கள் சொல்லும் பெயர் பயோரியா. கிரேக்கத்தில் அதற்குச் சீழ் ஒழுக்கு என்று பொருள். சீழ் வருவது முற்றிய நிலை. அதற்கு வெகுநாள் முன்பே, பெரும்பாலும் வலியே இல்லாமல், துலக்கும்போது துப்பும் எச்சிலில் ரத்தம் தெரியும்.