ஒரே ஒரு வகுப்புதானே என்று கிளம்பும் முன்

செமஸ்டர் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது துறைத் தலைவரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. "பைதான் வகுப்புக்கு ஆள் கிடைத்துவிட்டார். திங்கள்கிழமை மாலை தொடங்குகிறார். பேப்பர் வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." கிடைத்த ஆள் நம்மவர். ஐ.டி. வேலையில் இருப்பவர், பாடத்தில் கெட்டிக்காரர், சொல்லிக்கொடுப்பதில் உண்மையான ஆசை உள்ளவர். விசாவைப் பார்த்தால் எச்-1பி, அதுவும் அவருடைய கம்பெனியின் பெயரில். வகுப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. பதிவு செய்திருந்த மாணவர்கள் கடைசி நேரத்தில் வேறு வகுப்பு தேடி அலைந்தார்கள். அவருக்கோ என்மேல் கோபம். "வாரத்துக்கு ஒரு மாலை, ஒரே ஒரு வகுப்புதானே?" என்று கேட்டார்.

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) எச்.ஆர். துறையில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி ஒவ்வொரு செமஸ்டரும் என்னிடம் வருகிறது. இனி ஒவ்வொருவரிடமாகப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசா. எச்-1பி உங்களுக்குப் பொதுவாகக் கொடுத்த வேலை உரிமம் இல்லை. எந்த முதலாளி மனு போட்டாரோ அவரிடம் மட்டும் வேலை செய்யக் கொடுத்த அனுமதி. எங்களிடம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமானால் எங்கள் கல்லூரி உங்களுக்காகத் தனியாக ஒரு எச்-1பி மனு போட வேண்டும். எச்-1பி எண்ணிக்கைக்கு உள்ள ஆண்டு உச்சவரம்பு கல்லூரிகளுக்குக் கிடையாது, அதனால் லாட்டரித் தொல்லை இல்லை. ஆனால் ஒரு மாலை வகுப்புக்காக வக்கீல் செலவும் மனுக் கட்டணமும் கட்ட எந்தத் துறைக்கும் பணம் இருப்பதில்லை. "சம்பளம் வேண்டாம், சும்மா சொல்லித் தருகிறேன்" என்பதும் வழியில்லை. சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையை இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான். உங்கள் கிரீன் கார்டு கோப்பில் ஒரு கறை விழுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. எச்-4 ஈ.ஏ.டி. (எச்-1பி வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவிக்குத் தரும் வேலை அனுமதி அட்டை) வைத்திருப்பவர்கள் தாராளமாக வரலாம். ஆனால் அட்டை செமஸ்டர் நடுவில் காலாவதியாகிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லுங்கள்.

விசாப் பிரச்சினையே இல்லாதவர்களும் இதே "ஒரு வகுப்புதானே"யால்தான் ஏமாறுகிறார்கள். என்னை அதிகம் வருத்துவது இதுதான். மூன்று கிரெடிட் வகுப்பு என்றால் வாரம் மூன்று மணி நேர வேலை என்று நினைக்கிறார்கள். துறைத் தலைவர்களே அப்படித்தான் சொல்லி ஆள் சேர்க்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது மாணவர்கள், ஆளுக்கு ஒரு கட்டுரை. ஒன்றைத் திருத்திக் குறிப்பு எழுதப் பதினைந்து நிமிடம் என்று வைத்தால் ஏழரை மணி நேரம் போயிற்று. இன்னும் அடுத்த வாரப் பாடத்தைத் தொடவில்லை. ஆன்லைன் பக்கத்தில் எதையும் ஏற்றவில்லை. தேர்வில் கூடுதல் நேரம் தேவைப்படும் மாணவருக்கு ஏற்பாடு செய்யவில்லை. இரவு பதினொரு மணிக்கு வரும் "ப்ரொஃபசர், ஒரு டவுட்" மெயில்களுக்குப் பதில் போடவில்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை, அரசாங்கமே சொல்கிறது. பெரிய முதலாளி ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு கொடுத்தாக வேண்டிய எல்லை வாரத்துக்கு சராசரியாக 30 மணி நேரம். அட்ஜங்க்ட், அதாவது வகுப்புக் கணக்கில் சம்பளம் வாங்கும் பகுதிநேர ஆசிரியரின் நேரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு, வகுப்பில் பாடம் நடத்தும் ஒவ்வொரு மணிக்கும் வாரம் 2.25 மணி நேர வேலை என்று கணக்கிட்டால் ஏற்றுக்கொள்கிறோம் என்று 2014-இல் மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ். சொன்னது. கட்டாய ஆஃபீஸ் அவர் (மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கும் நேரம்), கூட்டம் எல்லாம் இதற்கு மேல் தனி. ஆக வாரம் மூன்று மணி நேரம் நடக்கும் மூன்று கிரெடிட் வகுப்பு 6.75 மணி நேரம். நான்கு வகுப்பு 27. ஐந்து வகுப்பு 33.75. "எனக்கு ஐந்தாவது வகுப்பு ஏன் தர மறுக்கிறார்கள், என்னிடம் என்ன குறை?" என்று கண் கலங்கக் கேட்டவர்கள் உண்டு. குறை உங்களிடம் இல்லை. முப்பதைத் தொடவிடாமல் கல்லூரி நிறுத்துகிறது. கலிஃபோர்னியாவில் இன்னும் நெருக்கம். ஒரு கல்லூரி டிஸ்டிரிக்டில் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள கல்லூரிகள்) முழுநேர ஆசிரியரின் சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியருக்குக் கொடுக்கச் சட்டம் விடாது. முழுநேரம் 15 கிரெடிட் என்றால் மூன்று வகுப்போடு சரி.

அதனால் என்ன செய்கிறார்கள்? காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று, இரவில் மூன்றாவது. கலிஃபோர்னியாவில் இவர்களுக்கு ஃப்ரீவே ஃப்ளையர் என்றே பெயர். முழுநேர ஆசிரியரைவிட அதிக வகுப்பு எடுத்தும், அந்த 30 மணி நேர விதிப்படி காப்பீடு கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்தக் கல்லூரிக்கும் வராது. தனித்தனி முதலாளி என்பதால் மணி நேரம் கூட்டிச் சேராது. பொது இரண்டாண்டுக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரத்தவர்கள். வகுப்பு நேரத்தில் 75 சதவீதத்தை முழுநேர ஆசிரியர்களே நடத்த வேண்டும் என்று கலிஃபோர்னியா 1988-இலேயே சட்டத்தில் இலக்கு வைத்தது. அது இன்னும் எட்டாத இலக்குதான். இதைச் சரிசெய்யும் அதிகாரம் எச்.ஆர். மேசையில் இல்லை. சட்டமன்றமும் கல்லூரி போர்டும் பட்ஜெட் போடும்போது செய்ய வேண்டிய வேலை அது.

ஆனால் கூட்டிச் சேரும் இடம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் படித்துவிட்டு ஃபெடரல் கல்விக் கடன் கட்டிக்கொண்டிருப்பவரா நீங்கள்? பொதுச் சேவை செய்பவர்களுக்கான கடன் தள்ளுபடித் திட்டத்தில் 120 மாதத் தவணை கட்டி முடித்தால் மிச்சக் கடன் போய்விடும். அதற்கும் வாரம் 30 மணி நேர வேலை வேண்டும். 2023 ஜூலை முதல் இந்தத் திட்டத்தில் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 3.35 மணி நேரம் கணக்கு வைக்க வேண்டும். ஒன்பது கிரெடிட் எடுத்தால் 30.15. மூன்று வகுப்பிலேயே எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்! தகுதியுள்ள வேறு கல்லூரிகளில் எடுக்கும் வகுப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் கையெழுத்துப் போட வேண்டிய சான்றுப் படிவம் இருக்கிறது. கேளுங்கள். "பார்ட் டைம்தானே, எனக்கெல்லாம் எங்கே" என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, வகுப்பு ரத்தாவது. உங்கள் ஆஃபர் கடிதத்தைக் கையெழுத்துப் போடும் முன் முழுதாகப் படியுங்கள். "போதுமான மாணவர்கள் சேர்ந்தால்" என்ற பொருளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். பாடத்திட்டம் எழுதி, பாடப்புத்தகம் முடிவு செய்து, பதினாறு வாரத்துக்கும் தேர்வு தயாரித்த பிறகு வகுப்பு போய்விடலாம். முழுநேர ஆசிரியர் ஒருவரின் வகுப்பு ரத்தானால் உங்கள் வகுப்பை அவருக்கு மாற்றிக் கொடுப்பதும் நடக்கும். அப்படி நடந்தால் தயாரிப்புக்கு ஏதாவது தருவார்களா என்று முன்பே கேளுங்கள். சில இடங்களில் யூனியன் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை.

அதே வரி உங்களுக்குச் சாதகமாகவும் நிற்கும். கோடை விடுமுறையில் வகுப்பு இல்லை, சம்பளமும் இல்லை. வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? அடுத்த செமஸ்டரில் வேலை உண்டு என்ற நியாயமான உறுதி இருந்தால் கிடையாது என்பது விதி. அதைக் கேள்விப்பட்டே பலர் விண்ணப்பிப்பதில்லை. ஆனால் சேர்க்கையையும் நிதியையும் பொறுத்த வேலை நியாயமான உறுதி ஆகாது என்று 1989-இலேயே கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உறுதியை எப்படி எடைபோட வேண்டும் என்று மத்தியத் தொழிலாளர் துறையும் 2016 டிசம்பரில் மாநிலங்களுக்கு விளக்கம் அனுப்பியது. மாநிலத்துக்கு மாநிலம் முடிவு மாறும். விண்ணப்பித்துப் பாருங்கள், ஆஃபர் கடிதத்தின் நகலை இணையுங்கள். கல்லூரி எச்.ஆரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறேனே என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்கு உரியதை நீங்கள் கேட்பதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

துறைத் தலைவர்களாக இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை மாலை ஆள் பிடித்துத் திங்கள்கிழமை வகுப்பில் நிறுத்தாதீர்கள். வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்தின் முதல் பகுதியை வேலை தொடங்கும் நாளுக்குள் அவர் நிரப்பியாக வேண்டும். அவருடைய ஆவணங்களை மூன்று வேலை நாட்களுக்குள் நாங்கள் சரிபார்த்தாக வேண்டும். "கிரீன் கார்டு எடுத்துக்கொண்டு வாங்க" என்று நீங்களாக அவரிடம் சொல்லவும் கூடாது. படிவத்தின் பட்டியலில் உள்ள எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பது அவர் விருப்பம். குறிப்பிட்ட ஒன்றைத்தான் காட்ட வேண்டும் என்று கேட்பது பாகுபாட்டுப் புகாரில் கொண்டுபோய் விடும். எச்.ஆர். தலையசைக்கும் முன் "வேலை உங்களுக்குத்தான்" என்று தயவுசெய்து வாக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, சான்றிதழ். பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய பாடங்களை நடத்த அந்தப் பாடத்திலேயே முதுகலைப் பட்டம், அல்லது வேறு முதுகலையோடு அந்தப் பாடத்தில் 18 முதுகலை கிரெடிட் என்பது பல கல்லூரிகளில் உள்ள அளவுகோல். தொழில் சார்ந்த பாடங்களுக்கு அனுபவத்தையும் கணக்கில் எடுப்பார்கள். இந்தியப் பட்டம் என்றால் அது இங்கே எந்தப் பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதிலும் பாடவாரியாக மதிப்பிட்டது. பட்டத்துக்கு மட்டும் வாங்கிய மலிவான அறிக்கையை அனுப்பிவிட்டு, மறுபடியும் பணம் கட்டியவர்கள் நிறையப் பேர். ஊரில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) சீலிட்ட உறையில் வந்து சேரப் பல சமயம் மாதக்கணக்கில் ஆகிறது. அடுத்த ஆகஸ்டில் வகுப்பு எடுக்கும் எண்ணம் இருந்தால், வேலைக்கு விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காமல் டிரான்ஸ்கிரிப்டுக்கு இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.