வழுக்கும் கிளட்ச்சின் கதை

அமெரிக்க டிராக் பந்தய (நின்ற இடத்திலிருந்து கிளம்பி, நேர்பாதையில் குறுகிய தூரத்தை யார் முதலில் கடப்பது என்ற போட்டி) வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டும் பைக்கில் கிளட்ச்சை எப்படி அளந்து விடுகிறார்கள்? என் பைக்கில் சட்டென்று விட்டாலே ஆஃப் ஆகிவிடுகிறதே!"

அளந்து விடுவதே இல்லை. பச்சை விளக்கு எரிந்ததும் லீவரை ஒரேயடியாக விட்டுவிடுவார்கள். அளக்கிற வேலையைக் கிளட்ச்சே பார்த்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு வந்து சேர அவர்களுக்கு இருபது ஆண்டுகள் பிடித்தன.

1950-இல் கலிபோர்னியாவின் சாண்டா அனா விமான ஓடுபாதையில் பந்தயங்கள் தொடங்கின. போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த செட் ஹெர்பர்ட், ஒரு ஹார்லி-டேவிட்சனுக்கு நைட்ரோமீத்தேன் ஊற்றி 'தி பீஸ்ட்' என்று பெயரிட்டார். வேறு ஆட்கள் ஓட்டிய அந்த பைக் மணிக்கு 120 மைலைத் தாண்டி, கார்களையே தோற்கடித்தது. நைட்ரோமீத்தேனின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றில் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிபொருளை எரிக்கலாம். ஆக, ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. அதைத் தரைக்குக் கொண்டுபோவதுதான் பிரச்சினை.

மிச்சிகனைச் சேர்ந்த ஈ.ஜே. பாட்டர் 1960 வாக்கில் செவர்லே வி8 கார் இன்ஜினையே பைக்கில் ஏற்றினார். கிளட்ச் கிடையாது, கியரும் கிடையாது. பின்சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, சுழலவிட்டு, அப்படியே ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடுவார். சக்கரம் தரையில் பட்டதும் ஒரே புகை. வழுக்கும் வேலையை டயர் செய்தது, அவ்வளவுதான். ஆனால் வழுக்கும் டயருக்குப் பிடிப்பு குறைவு. இன்ஜின் வேகமாகச் சுழல, சக்கரம் நின்ற நிலையிலிருந்து கிளம்புவதால் வழுக்கல் எங்காவது நடந்தே தீரும் என்றால், அது கிளட்ச்சுக்குள் நடப்பதுதான் நல்லது.

1970-களின் தொடக்கத்தில் டாம் கிறிஸ்டன்சன் ஓட்ட, ஜான் கிரகரி உருவாக்கிய 'ஹாக்ஸ்லேயர்' என்ற பைக் அதைத்தான் செய்தது. இரண்டு நார்ட்டன் இன்ஜின்கள், அகலமான வழுவழு டயர், வழுக்கும் கிளட்ச்.

இந்தக் கிளட்ச்சின் அழகை நிதானமாகப் பார்க்க வேண்டும். கிளட்ச்சுக்குள் இருக்கும் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தி உரசித்தான் இன்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துகின்றன. சாதாரண கிளட்ச்சில் அந்தத் தட்டுகளை அழுத்துபவை ஸ்பிரிங்குகள் மட்டுமே. இதில் ஸ்பிரிங் அழுத்தம் குறைவு. சுற்றிலும் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் சிறு நெம்புகோல்கள் இருக்கும். சுழற்சியில் அவற்றின் எடையுள்ள முனை வெளியே விரிய, மறுமுனை தட்டுகளை அழுத்தும். அந்த விசை சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். நிமிடத்துக்கு 6,000 சுற்று 9,000 ஆனால் நெம்புகோல்கள் தரும் அழுத்தம் 2.25 மடங்கு. இன்ஜின் திணறி வேகம் குறைந்தால் பிடி தானே தளரும், இன்ஜின் மீண்டுவிடும். வேகம் ஏறினால் பிடி இறுகும். கணினி இல்லை, சென்சார் இல்லை, தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது! நம் ஸ்கூட்டர்களில் கிளட்ச் லீவர் இல்லாததற்கும் இதே மையவிலக்குத் தத்துவம்தான் காரணம்.

இதற்கு விலை வெப்பம். இன்ஜின் ஒரே வேகத்தில் சுற்ற, சக்கரம் நிலையிலிருந்து சீராக அந்த வேகத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவரை கிளட்ச்சுக்குள் போன ஆற்றலில் சரிபாதி வெப்பமாகிவிடும். அதனால்தான் ஓட்டம் முடிந்ததும் மெக்கானிக் கிளட்ச்சைப் பிரித்து எஃகுத் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நீலம் பாய்ந்திருந்தால் அதிகம் வழுக்கியிருக்கிறது. அப்புறம் பிடி இறுகுவதற்காக நெம்புகோல் முனையில் சில கிராம் வாஷரைக் கூட்டுவார்.

இந்த அறிவு கடைசல் இயந்திரத்தின் முன்னால், கருகிய தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு சேர்த்தது. மாணவர் ப்ராஜெக்ட்டுகளுக்கு நிதி ஒதுக்குகிறவர்கள், உடையப்போகும் பாகங்களுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

1999-இல் லாரி மெக்பிரைட் கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 5.99 விநாடியில் கடந்தார். மோட்டார் சைக்கிளில் 6 விநாடிக்குள் கடந்த முதல் ஆள் அவர்தான். சீரான முடுக்கம் என்று வைத்துக் கணக்கிட்டால்கூடப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது.