திராட்சைக்குக் கழிவுநீர்: கிருமியை விடுங்கள், உப்பைக் கேளுங்கள்

சுத்திகரித்த கழிவுநீரைத் திராட்சைக்குப் பாய்ச்சலாமா என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் கிருமி பயம்தான் முதலில் வருகிறது. மண்ணும் தண்ணீரும் பரிசோதிப்பது என் வேலை, எனக்கு அந்தப் பயம் குறைவு. ஒழுங்காகச் சுத்திகரித்துக் கிருமி நீக்கிய தண்ணீரைச் சொட்டுநீர்க் குழாயில் வேரடிக்கு மட்டும் விட்டால் பழத்தில் அது படப்போவதே இல்லை. ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு, கரைந்த உப்பை எடுப்பதில்லை. சமையல் உப்பு, சோப்புத்தூள், சிறுநீர் என்று வீடுகளிலிருந்து சாக்கடைக்குப் போகும் சோடியமும் குளோரைடும் அப்படியே தோட்டத்துக்கு வந்து சேரும்.

தென் ஆஸ்திரேலியாவில், அடிலெய்டுக்குத் தெற்கே இருக்கும் மெக்லாரன் வேலில் கோடை மழை மிகக் குறைவு, நிலத்தடி நீரை இஷ்டத்துக்கு எடுக்கவும் முடியாது. கிறிஸ்டீஸ் பீச் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நீரை 1990களின் கடைசியில் குழாய் போட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்குத் திருப்பினார்கள். இஸ்ரேல் தன் கழிவுநீரில் 80 சதவீதத்துக்கும் மேல் விவசாயத்துக்குத் தருகிறது. இதெல்லாம் நல்ல காரியம், நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். உப்புக்குக் கணக்கு வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரில் நிற்கும் திராட்சைக்கு, மண்ணை நீரில் குழைத்து வடித்த சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பு ஏற ஏற இது கூடும்) மீட்டருக்கு 1.5 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். குளோரைடு ஏறினால் இலை ஓரம் கருகும். ராம்சி, 140 ருக்கேரி போன்ற வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டினால் குளோரைடு மேலே ஏறுவது குறையும், சரி, ஆனால் மண்ணில் சேரும் சோடியத்தை எந்த வேர்ச்செடியும் ஒன்றும் செய்யாது.

கோடை முழுக்க அது சத்தமில்லாமல் சேரும். பாசன நீரில் உப்பு இருக்கும்வரை களிமண் ஒட்டிக்கொண்டு நிற்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. மழைநீர் பட்டு உப்பு குறைந்ததும் சோடியம் ஏறிய களித்துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைத்துவிடும், அப்புறம் உப்பைக் கழுவி இறக்க வேண்டிய அதே மழை உள்ளே போகாமல் வரிசைக்கு நடுவில் தேங்கி நிற்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். சொட்டுவானுக்கு அடியிலிருந்து பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் மழைநீரில் மெதுவாகப் போட்டு, ஆட்டாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். கட்டி வெறுமனே உதிர்ந்து சுற்றிலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் கலங்கல் படர்ந்தால் மண் களராகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

தண்ணீர் தருபவர்களிடம் மின்கடத்துதிறன், சோடியம் ஈர்ப்பு விகிதம் (கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு என்பது), குளோரைடு, போரான் நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தழைச்சத்தையும் கேளுங்கள், தண்ணீரிலேயே அது வருவதால் உர அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் காய் பழுக்கும் நேரத்தில் கொடி இலையாகவே போட்டுக்கொண்டிருக்கும். மண்ணைக் கோடை முடிவில் ஒருமுறை, மழைக்காலம் முடிந்து ஒருமுறை, இரண்டடி ஆழம் வரை எடுத்துப் பரிசோதியுங்கள். இரண்டாவது முறையும் உப்பு இறங்கவில்லை என்றால் அடுத்த பாசனத்துக்கு முன்பே சோடியத்தை மண்ணிலிருந்து விடுவிக்கும் ஜிப்சத்தையும் வடிகாலையும் பற்றிப் பேச ஆள் தேடுங்கள்.