45 நாள் சட்டமும் ஏழு மாதப் பாக்கியும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் போன மாதம் பாரிமுனையில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுத்த பணம் ஏழு மாதமாக வரவில்லை. "கேட்டா அடுத்த வாரம், அடுத்த வாரம்னே சொல்றாங்க சார்" என்றார். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் கரண்ட் பில் கட்டவும் வெளியில் வட்டிக்கு வாங்கியிருக்கிறார். செக் கூட வாங்கவில்லையே, கேஸ் நிற்குமா என்பதுதான் அவர் கவலை.

நிற்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் இதற்கென்றே சில பிரிவுகளை வைத்திருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தமே போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இந்தப் பாக்கிகளைத் தீர்க்கவே சட்டப்படி மாநில அரசு அமைத்த ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலில் மனு போட்டால் முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகும் கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும்.

இவ்வளவு பலமான சட்டம் கையில் இருந்தும் அவர் ஏழு மாதம் சும்மா இருந்தார். அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயம். அது நியாயமான பயம் என்றுதான் நான் நினைக்கிறேன். 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்ன மனு அதைத் தாண்டி நீள்வதை அடிக்கடி பார்க்கிறேன். அதுவரை பட்டறை ஓட வேண்டாமா?

ஒரு நாடு ஏழையாகவே தங்கிவிடுவதற்கு இந்த இடத்தில்தான் ஒரு பெரிய காரணம் இருக்கிறது. பணம் வந்து சேரும் என்ற நம்பிக்கை இல்லாதவர் புதுப் பார்ட்டியிடம் ஆர்டர் எடுக்க மாட்டார். தெரிந்தவர், சொந்த ஊர்க்காரர் என்ற வட்டத்துக்குள்ளேயே வியாபாரம் செய்வார். இரண்டாவது மெஷின் வாங்க மாட்டார், இன்னும் இரண்டு பேருக்கு வேலை தர மாட்டார். வழக்கே போடாதவர்களையும் கோர்ட் தாமதம் இப்படித்தான் தொடுகிறது. உலக வங்கியின் 2020-க்கான அறிக்கை, இந்தியாவில் ஒரு வணிக ஒப்பந்த வழக்கு முடிய 1,445 நாள் ஆகும் என்று மும்பை, டெல்லியை வைத்துக் கணக்குப் போட்டது. சிங்கப்பூருக்கு 164 நாள். 1980-களில் பெரு நாட்டுப் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு லிமாவில் ஒரு சின்னத் தையல் பட்டறையைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தது. அதற்கே 289 நாள் ஆனது. அவ்வளவு நாள் யாரால் காத்திருக்க முடியும்? பதிவில்லாமலேயே தொழில் செய்வார்கள், பதிவில்லாதவருக்கு வங்கிக் கடனும் சுலபத்தில் கிடைக்காது. சட்டம், ஆட்சி போன்ற அமைப்புகள் ஒரு நாட்டின் வளத்தை எப்படித் தீர்மானிக்கின்றன என்ற ஆய்வுக்குத்தான் 2024-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள்.

சரி, பட்டறைக்காரர்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் பில் போடுவதற்கு முன்பே உத்யம் பதிவை, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவை, முடித்துவிடுங்கள். சரக்கு அனுப்பிய பிறகு பதிவு செய்துவிட்டு, பழைய பாக்கிக்கு இந்தச் சட்டத்தின் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும்தான்; வாங்கி விற்கும் வியாபாரிகள் உத்யம் பதிவு வைத்திருந்தாலும் இதைக் கேட்க முடியாது. அப்புறம், கெடுவுக்குள் உங்களுக்குப் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையைக் கொடுக்கும் வருடத்தில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் விதி. கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்துக்கு முன்னால் இதை எடுத்துச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், வழக்கு இல்லாமலேயே சில பாக்கிகள் வந்துவிடுகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியம் டெலிவரி சலான். சரக்கு வாங்கியவர் கையெழுத்து, சீல், தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். சரக்கில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டியது வாங்கியவர் பொறுப்பு. தேதியே இல்லாத சலானை வைத்துக்கொண்டு எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அம்பத்தூர்க்காரரின் சலான்களில் பாதியில் கையெழுத்து இருந்தது, தேதி இல்லை. மீதிக்கு அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் தேடி, சரக்கு இறக்கிய அன்று குடோன் ஆள் அனுப்பிய "ரிசீவ்டு" மெசேஜ்களை எடுத்துக் கொடுத்தாள். மனு தயார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறார்.