‘ஸ்டார் டஸ்ட்’ விமானம் எங்கே போனது?

1947 ஆகஸ்ட் 2. அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குக் கிளம்பிய ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் விமானத்தில் 11 பேர் இருந்தார்கள். மாலை 5.41க்கு, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் தந்தியில் ஒரு செய்தி வந்தது: 5.45க்கு சாண்டியாகோ வந்துவிடுவோம். அதன் கடைசியில் ‘ஸ்டெண்டெக்’ (STENDEC) என்றொரு சொல். தரையில் இருந்தவருக்கு அது விளங்காமல் திரும்பக் கேட்டார். அதே சொல் இன்னும் இரண்டு முறை வந்தது. விமானம் வரவே இல்லை.

தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்காததால் கதைகள் முளைத்தன. பயணிகளில் ஒருவர் பிரிட்டிஷ் அரசின் ரகசியக் கடிதங்களைக் கொண்டுசெல்லும் தூதர் என்பதால் சதி என்றார்கள். வேற்றுக்கிரகவாசிகள் கொண்டுபோய்விட்டார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. பறக்கும் தட்டுகள் பற்றி ஸ்பெயினில் வந்த ஓர் இதழ் அந்தச் சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது!

அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதன் கடைசி இரண்டு எழுத்துகளான ஈ, சி இரண்டையும் இடைவெளி இல்லாமல் அடித்தால் புள்ளி, கோடு, புள்ளி, கோடு, புள்ளி. மோர்ஸில் ‘செய்தி முடிந்தது’ என்பதற்கான குறியும் அச்சு அசல் இதேதான். வேகமாக அடித்ததைப் பிரித்துக் கேட்டதில் வந்த குழப்பம் என்பது எனக்கு நம்பும்படியாக இருக்கிறது. முன்பாதிக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இன்றுவரை இல்லை. ஆனால் விபத்துக்கான காரணம் அந்தச் சொல்லில் இல்லை, காற்றில் இருக்கிறது.

அன்று இரு நாடுகளுக்கும் நடுவே உள்ள ஆண்டீஸ் மலை முழுக்க மேகம். தரை தெரியாதபோது வேகத்தையும் கடந்த நேரத்தையும் பெருக்கித்தான் விமானிகள் இருப்பிடத்தைக் கணித்தார்கள். ஆனால் விமானத்தின் வேகமானி காட்டுவது சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகத்தை. மணிக்கு 370 கி.மீ. என்று முள் காட்டும்போது எதிரே 160 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், தரைக்கு மேல் உண்மையில் நகர்வது 210 கி.மீ.தான். ஆற்றின் போக்கை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறவரின் நிலை இது. அவருக்குக் கரை தெரியும், விமானிக்கு அதுவும் தெரியாது.

அப்படி ஒரு காற்று உயரத்தில் உண்டு. வெப்பமண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டத்தை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் அது இன்னும் வலுக்கும். ஆகஸ்ட் அங்கே குளிர்காலம். ஜப்பானின் வானிலை ஆய்வாளர் வசபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களை விட்டு இதை அளந்திருந்தார். ஆனால் அவர் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டதால் வெளியே பலருக்குத் தெரியவில்லை. அந்த உயரத்தில் பறந்த பயணிகள் விமானங்களும் அப்போது குறைவு. ‘ஸ்டார் டஸ்ட்’ சுமார் 24,000 அடியில், மேற்கு நோக்கி, அந்தக் காற்றுக்கு நேர் எதிராகப் போனது. மலையைத் தாண்டிவிட்டோம் என்று நம்பிக் கீழிறங்கியபோது, மேகத்துக்குள் அவர்கள் எதிரே நின்றது 6,500 மீட்டருக்கும் உயரமான துபுங்கட்டோ சிகரம்.

சரி, சிதைவுகள் ஏன் கிடைக்கவில்லை? மோதிய இடத்தில் பனி சரிந்து மூடியிருக்க வேண்டும். மேலே ஆண்டுதோறும் பனி சேரச் சேர, அடியில் இருப்பது இறுகிக் கட்டியாகி, உள்ளே சிக்கியதையும் இழுத்துக்கொண்டு சரிவில் மெல்ல இறங்கும். இதுதான் பனியாறு. அது உருகும் பகுதிக்கு வந்துசேரும்போது உள்ளே இருந்தவை வெளியே வரும். அரை நூற்றாண்டு கழித்து, 1998இல், மலையேறிகள் இருவர் அங்கே ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின் ஒன்றைக் கண்டார்கள்.

2000இல் அர்ஜென்டினா ராணுவக் குழு போய்ப் பார்த்தது. மோதும்வரை எஞ்சின் வழக்கமான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததை உந்துவிசிறியின் சேதம் காட்டியது. சக்கரங்கள் உள்ளே மடக்கப்பட்டிருந்தன. அவசரமாகத் தரையிறங்க முயன்றதற்கான அடையாளம் இல்லை. இறந்தவர்களில் சிலரை டிஎன்ஏ சோதனையில் அடையாளம் கண்டார்கள்.

‘ஸ்டார் டஸ்ட்’டை இயக்கிய அதே நிறுவனத்தின் விமானங்களான ‘ஸ்டார் டைகர்’ 1948இலும் ‘ஸ்டார் ஏரியல்’ 1949இலும் அட்லாண்டிக்கில் காணாமல் போயின. அவை இன்றும் ‘பெர்முடா முக்கோண’ மர்மங்களாக வலம்வருகின்றன. கடலுக்குள் போன சிதைவுகள் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அதில் அமானுஷ்யமாக எதையும் நான் பார்க்கவில்லை.

‘ஸ்டார் டஸ்ட்’ விசாரணையில் கேப்டன் ரெஜினால்ட் குக் மீது தவறில்லை என்று அர்ஜென்டினா முடிவு செய்தது. விபத்து நடந்து அப்போது 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.